தர்மாஸ்பத்திரியின் வாசல்

1

அரசு மருத்துவமனைகளுக்கு நம் சனங்கள் வைத்திருக்கும் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். பெரியாஸ்பத்திரி, தர்மாஸ்பத்திரி, கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி, கோஷா ஆஸ்பத்திரி. இவற்றில் ஒன்றுகூடப் பெயர்ப்பலகையில் இல்லை. பலகையில் இருப்பவை ஆளுநர்களின் பெயர்களும் தலைவர்களின் பெயர்களும். 1929 முதல் 1934 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஸ்டான்லியின் பெயர் வடசென்னை மருத்துவமனைக்கு நிலைத்துவிட்டது. ஆனால் ராயபுரத்துக் கிழவிக்கு அது கஞ்சித்தொட்டிதான். பலகைப் பெயர் கட்டியவர்களின் வரலாற்றைச் சொல்கிறது. வாய்ப்பெயர் உள்ளே போனவர்களின் வரலாற்றை, அதிலும் எந்த நிபந்தனையின்பேரில் உள்ளே விடப்பட்டார்கள் என்பதைச் சொல்கிறது.

மருத்துவ வரலாறு நம்மிடம் பெரும்பாலும் இரண்டு விதமாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. ஒன்று, இருளிலிருந்து ஒளிக்கு வந்த கதை: வேப்பிலையையும் மந்திரத்தையும் நம்பிக்கிடந்த மக்களை ஸ்டெதாஸ்கோப் வந்து மீட்டது என்பது. இன்னொன்று, பொற்காலம் பறிபோன கதை: சித்தர்கள் எல்லாவற்றையும் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள், வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான் என்பது. இரண்டுக்கும் எதிர்எதிர் அரசியல் இருந்தாலும் இரண்டும் மருத்துவ அறிவைப் பற்றியே பேசுகின்றன. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி எங்கே போனாள், அங்கே அவளை யார் நிறுத்தினார்கள், என்ன கேட்டார்கள் என்ற கேள்வி இரண்டிலும் இல்லை.

குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து மருந்து கொடுப்பவன். அழகான பகுப்பு. ஆனால் வரலாற்றில் ஐந்தாவதாக ஓர் ஆள் எப்போதும் இருந்திருக்கிறான். அவன் வாசலில் நிற்கிறவன். நோயுற்றவன் தீர்ப்பவனை எட்டலாமா கூடாதா என்று முடிவு செய்கிறவன். அவன் சில சமயம் காக்கிச்சட்டை போட்ட ஆள், சில சமயம் ஒரு கல்வெட்டு, சில சமயம் ஒரு சட்டம், சில சமயம் ஒரு அட்டை. இந்தக் கட்டுரை அந்த ஐந்தாவது ஆளைப் பற்றியது.

2

நம் பழம்பெருமைப் பேச்சில் தவறாமல் வருவது திருமுக்கூடல் கல்வெட்டு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் உள்ள பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திரன் காலத்தில் வெட்டப்பட்டது. ‘வீரசோழன்’ என்ற ஆதுலசாலை அங்கே இருந்தது. 15 படுக்கைகள். ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஓர் ஆள், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், ஒரு நாவிதர் என்று வேலைப் பிரிவினை. கைவசம் வைத்திருக்க வேண்டிய மருந்துகளுக்குத் தனிப்பட்டியல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் மருத்துவமனை இருந்தது என்று மேடையில் சொல்லக் கைதட்டல் விழும்.

யாருக்கான 15 படுக்கைகள் என்பதையும் அதே கல்வெட்டு மறைக்காமல் சொல்கிறது. கோயிலைச் சார்ந்த வேதபாடசாலை மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும். அந்தக் கோயிலின் நெல் எந்த வயலில் விளைந்ததோ அந்த வயலில் இறங்கியவர்களுக்கு அங்கே படுக்கை ஒதுக்கப்படவில்லை. கல்வெட்டைக் குறை சொல்ல இதைக் குறிப்பிடவில்லை. மருத்துவமனை என்ற நிறுவனம் நம் மண்ணில் பதிவாகும் இடத்திலேயே அதன் வாசலும் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கும்பினியின் மருத்துவமனையும் இந்த விஷயத்தில் மாறுபட்டதில்லை. 1664இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், நோய்வாய்ப்பட்ட கும்பினிச் சிப்பாய்களுக்காகத் தொடங்கிய சிறிய இடம்தான் இன்றைய பெரியாஸ்பத்திரி. 1772இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. இந்தியர்களுக்கு அதன் கதவு திறந்தது 1842இல். இடையில் ஓடியவை 178 ஆண்டுகள். சிப்பாய் செத்தால் கும்பினிக்கு நஷ்டம், ஆகவே சிப்பாய்க்கு மருத்துவம். வெளியே சாகிறவன் கணக்கில் வராதவன்.

கணக்கில் வராதவன் கணக்கில் வந்தது பஞ்சத்தின் வழியாக. 1782இல் பஞ்சத்தில் அடிபட்டு நகரத்துக்கு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியகாரர் சத்திரத்தில், 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் சுதேசிகளுக்கான மருத்துவ விடுதி ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் ஸ்டான்லியாக வளர்ந்தது இதுதான். ஒரே நகரத்தில் இரண்டு வாசல்கள் உண்டாகிவிட்டன. ஒன்றில் நுழையச் சிப்பாயாக இருக்க வேண்டும். மற்றதில் நுழைய அநாதையாக, கதியற்றவனாக, கஞ்சிக்கு வந்தவனாக இருக்க வேண்டும். ஏழைக்குக் கிடைத்த மருத்துவம் கஞ்சியோடு சேர்த்துக் கிடைத்தது. தர்மமாகக் கிடைத்தது. ‘தர்மாஸ்பத்திரி’ என்ற சொல் தமிழ்நாடு முழுக்கப் புழங்குவதன் வேர் இங்கேதான் இருக்க வேண்டும். தர்மத்தைப் பற்றி ஒரு பழமொழி நமக்குத் தெரியும்: தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. தர்மாஸ்பத்திரியில் டாக்டர் திட்டினாலும் படுக்கை கிடைக்காமல் தரையில் கிடந்தாலும் எதிர்த்துக் கேட்க நா எழாததற்கு இந்தப் பழமொழியின் தர்க்கமும் ஒரு காரணம்.

மருத்துவமனையின் பிறப்பைப் பற்றி 1963இல் எழுதிய ஃபூக்கோ, மருத்துவரின் பார்வை நோயாளியின் உடலை எப்படி ஓர் அறிவுப்பொருளாக ஆக்கிற்று என்று காட்டினார். பாரிசுக்கு அது பொருந்தும். நமக்கு அதற்கு முன்னால் இன்னொரு படி இருக்கிறது. பார்வையின் முன்னால் போய் நிற்பதற்கே இங்கே அனுமதி வேண்டும். பார்வையின் அதிகாரத்தை மட்டும் வைத்து நம் மருத்துவ வரலாற்றை எழுதிவிட முடியாது.

3

பெண்கள் விஷயத்தில் வாசல் இரண்டாகிவிடுகிறது. மருத்துவமனையின் வாசலுக்கு முன்னால் வீட்டு வாசல் இருக்கிறது.

வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதை பலருக்கும் தெரியும். 1890களில் திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியருக்கு உதவும்படி இளம்பெண்ணான அவரிடம் கேட்கிறார்கள். அவர் மருத்துவம் படிக்காதவர். மருத்துவரான தன் தகப்பனாரை அழைத்துப்போகச் சொல்கிறார். ஆண் மருத்துவர் தங்கள் பெண்களைத் தொடுவதற்கு மூவரும் சம்மதிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1900இல் திரும்பினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்.

மூடநம்பிக்கை மூன்று பெண்களைக் கொன்றது என்றுதான் இந்தக் கதை எப்போதும் சொல்லப்படுகிறது. அந்த ஆண்கள் மருத்துவத்தை நம்பாதவர்கள் இல்லையே. நம்பித்தான் இரவில் கதவைத் தட்டினார்கள். மருத்துவம் வேண்டும், ஆனால் எங்கள் நிபந்தனையில் வேண்டும் என்றார்கள். பெண்ணின் உடல் வழியாகத் தங்கள் சாதி, மத கௌரவத்தைக் காத்துக்கொள்ளும் நிபந்தனை அது. நிபந்தனை போட்டவர்கள் ஆண்கள், விலை கொடுத்தவர்கள் பெண்கள். அந்த மூன்று பெண்களில் யாராவது, ‘யாரா இருந்தா என்ன, கூட்டிட்டு வா’ என்று கத்தியிருக்கலாம். அந்தக் குரல் எந்த ஆவணத்திலும் ஏறவில்லை.

அந்த நிபந்தனையைக் காலனி அரசும் மதித்து நடந்துகொண்டது. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவரான மேரி ஷார்லீப், லண்டனில் மேற்படிப்பு முடித்துத் திரும்பி, 1885இல் பெண்களுக்கென்று ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் பெயரைக் கவனியுங்கள்: ‘சாதி மற்றும் கோஷா’ பெண்களுக்கான விக்டோரியா மருத்துவமனை. சாதி இந்துப் பெண்களுக்கும் முக்காடிட்ட முஸ்லிம் பெண்களுக்கும் என்று அர்த்தம். பிற்பாடு கஸ்தூர்பா பெயர் சூட்டப்பட்டும் திருவல்லிக்கேணியில் இன்றும் கோஷா ஆஸ்பத்திரிதான். ஆயிரக்கணக்கான பெண்களின் உயிரைக் காத்த இடம் அது. அதில் சந்தேகமில்லை. ஆனால் மக்கள் வாயில் ‘கோஷா’ தங்கி, ‘சாதி’ உதிர்ந்துவிட்டது. அந்த உதிர்ந்த சொல்தான் நமக்கு முக்கியம். ‘சாதிப் பெண்’ என்று வாசலில் எழுதி வைத்தால் சாதிக்கு வெளியே வைக்கப்பட்டவள் எங்கே போவாள்? பெண்ணுக்காகத் திறந்த வாசலும் எல்லாப் பெண்ணுக்காகவும் திறக்கவில்லை.

இன்னொரு பெண் இந்தக் கதையில் காணாமல் போகிறாள். அவள் மருத்துவச்சி. பரியாரி, நாவிதர் என்று ஊருக்கு ஊர் வேறு பெயரில் அழைக்கப்பட்ட சமூகத்துக்கு ‘மருத்துவர்’ என்ற பெயரும் உண்டு. அரசுப் பட்டியலில் இன்றும் அது ஒரு சாதிப்பெயர். ஊராரின் கட்டியை அறுத்ததும் காயத்துக்குக் கட்டுப்போட்டதும் ஆண்கள். பிள்ளைப்பேறு பார்த்தது பெண்கள். தீட்டு என்று ஒதுக்கப்பட்ட ரத்தத்தைத் தொட்டதால் அவர்கள் கை இழிந்த கை ஆனது. அதே ரத்தத்தைக் கையுறை போட்டுத் தொட்ட கை உயர்ந்த கை ஆனது. 1914இல் மருத்துவர்களைப் பதிவு செய்யும் சட்டமும் 1926இல் செவிலியர், மருத்துவச்சிகளைப் பதிவு செய்யும் சட்டமும் சென்னை மாகாணத்தில் வந்தன. போலி வைத்தியத்திலிருந்து மக்களைக் காக்க அவை தேவைதான். ஆனால் அறிவை வைத்திருந்த ஒரு சமூகம் அந்த அறிவின் புதிய வீட்டுக்குள் படித்து நுழைய என்ன ஏற்பாடு செய்யப்பட்டது? நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் அமைக்கப்பட்ட உஸ்மான் குழு 1923இல் அறிக்கை தந்தது. 1925இல் கீழ்ப்பாக்கத்தில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது. சித்தமும் ஆயுர்வேதமும் யுனானியும் அரசு அங்கீகாரம் பெற்றன. ஏட்டில் எழுதிய வைத்தியத்துக்கு வாசல் கிடைத்தது. கையில் இருந்த வைத்தியம் வெளியே நின்றது. ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்திய அயோத்திதாசர் ஒரு சித்த வைத்தியர் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர்கள் சேரியில் இல்லாமல் இல்லை.

4

இதுவரை சொன்னது மக்கள் வாசலைத் தேடிப்போன கதை. வாசல் தானே மக்களைத் தேடிவந்த கதையும் உண்டு.

ஜென்னரின் அம்மைப்பால் 1802இல் இந்தியா வந்து சேர்ந்தது. அப்போது குப்பியில் அடைத்த மருந்து கிடையாது. அம்மை குத்திய ஒரு குழந்தையின் கையில் எழும் கொப்புளத்து நீரை எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்த வேண்டும். எந்தச் சாதிக் குழந்தையின் கையிலிருந்து எந்தச் சாதிக் குழந்தைக்கு என்ற கேள்வி உடனே எழுந்தது. திராவிட மொழிக் குடும்பத்தை முதலில் நிறுவிய எல்லிஸ், மக்களைச் சம்மதிக்க வைப்பதற்காக, சக்தியும் தன்வந்திரியும் உரையாடி அம்மைப்பாலுக்குச் சான்று தருவதாகத் தமிழில் ஒரு பிரதியை எழுதினார். அறிவியலை நேராகச் சொல்லாமல் தெய்வத்தின் வாயில் வைத்துச் சொன்னார்கள். ‘அம்மா வந்திருக்கா’ என்று சொல்லி வேப்பிலை செருகிய வீட்டு வாசலைக் கடக்க அரசு இன்னொரு அம்மாவைத் துணைக்கு அழைத்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு இதன் தொடர்ச்சியைக் குடும்பக் கட்டுப்பாட்டில் பார்க்கலாம். 1946இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, பணமில்லை என்பதற்காக ஒருவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்ற கொள்கையை முன்வைத்தது. 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று குறுகிய காலத் திட்டமும் வகுத்தது. 1952இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு அந்த நிலையங்கள் கிராமத்துக்கு வந்தன. மஞ்சள் சுவர், சிவப்பு முக்கோணம், பூட்டிய கதவு என்பதுதான் பல ஊர்களில் பல காலம் அதன் தோற்றம். பாம்புக்கடிக்கு மருந்து இருக்காது, டாக்டர் வந்திருக்க மாட்டார். ஆனால் கருத்தடைக்கு ஆள் சேர்க்கும் இலக்கு மட்டும் தவறாது. நெருக்கடிநிலைக் காலமான 1975-77இல் அது நாடெங்கும் பலவந்தமாக மாறியதை நாம் அறிவோம். கிராமச் செவிலியரின் தலையில் இருந்த இந்த இலக்கு 1996இல்தான் அதிகாரபூர்வமாக எடுக்கப்பட்டது. ஏழையின் முன்னால் கேட்காமலே திறந்து கிடந்த ஒரே வாசல், அவன் பெருகாமல் இருப்பதற்கான வாசல்.

சோதனை முந்திக்கொள்ள, சிகிச்சை பின்தங்கும் இந்த வரிசையை எச்ஐவி விஷயத்திலும் பார்த்தோம். 1986இல் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகள் சென்னையில் கண்டறியப்பட்டன. காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளின் ரத்தத்தில் கண்டறியப்பட்டன. வெளியேற வாசல் இல்லாத பெண்களின் ரத்தம் நாட்டுக்கு எச்சரிக்கை மணி அடித்தது. அரசு இலவசமாகக் கூட்டு மருந்து தரத் தொடங்கியது 2004 ஏப்ரலில். 18 ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ மருத்துவமனைகள் இந்த நோயாளிகளை வாசலிலேயே திருப்பி அனுப்பின. அவர்களைச் சேர்த்துக்கொண்டது 1928இல் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியம். ஒருகாலத்தில் ஊர் ஒதுக்கிய நோய்க்காகக் கட்டப்பட்ட இடம்தான் அடுத்து ஊர் ஒதுக்கிய நோய்க்கும் கதவைத் திறந்தது.

5

இனி, போகிறவர்களின் பக்கம் வருவோம். ஏழைகள் ஏன் தாமதமாக வருகிறார்கள் என்று மருத்துவர்கள் அலுத்துக்கொள்வது வழக்கம். ‘முத்திப்போன பிறகு தூக்கிட்டு வர்றீங்களே’ என்ற வசை கேட்காத குடும்பம் இருக்காது. தாமதம் அறியாமையாலா? முதலில் கைவைத்தியம், பிறகு மந்திரித்துக் கயிறு கட்டுவது, பிறகு மருந்துக்கடையில் ‘காய்ச்சலுக்கு நாலு மாத்திரை குடுங்க’, பிறகு தெருமுனையில் ஊசி போடும் ஆள், கடைசியில் பெரியாஸ்பத்திரி. வெளியிலிருந்து பார்த்தால் குழப்பம். உள்ளிருந்து பார்த்தால் ஒரு துல்லியமான கணக்கு. ஒவ்வொரு படியிலும் எத்தனை நாள் கூலி போகும், கூட யார் இருப்பார்கள், வீட்டில் யார் உலை வைப்பார்கள், அங்கே யார் நம்மை அவமானப்படுத்துவார்கள் என்ற கணக்கு. மருந்துக்கடைக்காரன் சாதி கேட்பதில்லை, அட்டை கேட்பதில்லை, வரிசையில் நிறுத்துவதில்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போவதென்றால் உள்ளே ஆள் தெரிந்திருக்க வேண்டும். தள்ளுவண்டி தள்ளக் காசு, பிறந்தது ஆணா பெண்ணா என்று சொல்லக் காசு, ஆண் என்றால் கூடுதல் காசு. ஐந்தாவது ஆள் இங்கே பல கைகளாக நீள்கிறான்.

இந்தக் கணக்கு மாறும்போது மக்களும் மாறுகிறார்கள் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஆதாரம் உண்டு. 1994இல் அமைக்கப்பட்டு 1995 முதல் மருந்து வழங்கத் தொடங்கிய அரசு மருத்துவப் பணிகள் கழகம், மாத்திரை இல்லை என்ற பதிலைப் பெருமளவு குறைத்தது. 1987இல் 300 ரூபாயுடன் தொடங்கிய மகப்பேறு உதவித்திட்டம் 2018இல் 18,000 ரூபாய்க்கு வந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்கள் முறைவைத்து இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கத் தொடங்கினார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி மருத்துவ நிறுவனங்களில் நடக்கும் பிரசவம் 99.6 சதவீதம். மக்கள் மூடநம்பிக்கையை விட்டுவிட்டதால் இது நடக்கவில்லை. கதவு திறந்திருந்தது, உள்ளே ஆள் இருந்தார், மருந்தும் இருந்தது. போனார்கள்.

ஆனால் அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் காட்டுகிறது. தமிழ்நாட்டுப் பிரசவங்களில் ஏறக்குறைய 45 சதவீதம் அறுவை. தனியாரில் அது 60 சதவீதத்துக்கும் மேல். வாசலைக் கடந்த பிறகு உள்ளே நடப்பதில் அவளுக்கு என்ன சொல்லுண்டு என்பது இப்போதைய கேள்வி.

2009இல் தனியார் காப்பீட்டு நிறுவனத்தின் வழியாகக் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக அது மாறியது. தனியார் மருத்துவமனையின் கண்ணாடிக் கதவு ஏழைக்கும் திறந்தது. இதயம் அறுத்துப் பிழைத்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். இதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் என்று தொடங்கி, பிறகு 1,20,000 என்று உயர்த்தப்பட்ட வரம்பை நிரூபிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். நோய் பட்டியலில் இருக்க வேண்டும். அரசின் பணம் அரசு மருத்துவமனையைச் சுற்றிக்கொண்டு தனியாருக்குப் போகிறது. கஞ்சித்தொட்டியில் கதியற்றவன் என்று நிரூபித்து நின்றவனுக்கும் அட்டையை நீட்டி ஏழை என்று நிரூபித்து நிற்பவனுக்கும் இடையில் இருநூறு ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. நிரூபிக்கும் வேலை மட்டும் இன்னும் நோயாளியிடமே இருக்கிறது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை தருகிறது. இலக்கோடு வந்த பழைய வருகையிலிருந்து இது வேறுபட்டது. தேடி வந்தவர் திரும்பவும் வருவாரா, சேரிக்குள்ளும் அதே முகத்தோடு வருவாரா என்பதை வைத்துத்தான் இதை அளக்க வேண்டும்.

சொற்கள் மாறியிருக்கின்றன. தர்மம் போய் ‘நலத்திட்டம்’ வந்திருக்கிறது. நோயாளி ‘பயனாளி’ ஆகியிருக்கிறார். பயனாளி என்பவர் பெற்றுக்கொள்பவர். கொடுப்பவர் யாரென்று அட்டையில் படம் இருக்கிறது. கேட்பவர் என்ற பொருள் தரும் சொல் ஒன்றும் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. இத்தனைக்கும் நம் பெரியாஸ்பத்திரியின் பெயரிலேயே ‘பொது’ என்ற சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஜெனரல் என்பது எல்லா நோயையும் பார்க்கும் இடம் என்ற மருத்துவப் பிரிவு மட்டுமே. தமிழில் ‘பொது’ என்று ஆக்கியபோது அது எல்லாருக்கும் உரியது என்று ஆகிவிட்டது. பொதுக்கிணறு, பொதுவழி, பொதுக்குளம் என்று எத்தனை போராட்டம் நடத்தி நாம் பொருள் ஏற்றிய சொல் அது. கிணற்றிலும் வழியிலும் அந்தச் சொல்லுக்காக அடிபட்டவர்கள், ஆஸ்பத்திரியில் மட்டும் ஏன் இன்னும் கையேந்தி நிற்க வேண்டும்? அடுத்த முறை வாசலில் நிறுத்தப்படும்போது, ‘இது தர்மாஸ்பத்திரி இல்லீங்க, பொது ஆஸ்பத்திரி’ என்று ஒருத்தி சொல்லக்கூடும். அவள் தனியாக நின்று அதைச் சொல்ல வேண்டியிராமல் பார்த்துக்கொள்வதே இயக்கங்களின் வேலை.